விடுபட்ட எண்ணும் இழந்த பாட்டும்

ஒரு பொருள் உளது என்று அறிதல் எளிது. கண்ணாற் கண்டோ கையால் தொட்டோ அதனை அறிந்துகொள்ளலாம். ஒரு பொருள் இலது என்று அறிதலோ அரிது. நூறு பசுக்கள் மேயும் வெளியில் நிற்பான் ஒருவன் அங்கே மேயும் பசுக்களைக் காண்பானேயன்றி, அங்கே இல்லாத ஒன்றைக் காணான். ஆயினும், பொருள்களை ஒரு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றற்கும் 1, 2, 3 எனத் தொடரெண் இட்டு வைப்போமாயின், அவ்வரிசையினின்றும் நீங்கிய பொருள் தான் நின்ற இடத்தைக் காட்டிவிட்டே நீங்குகின்றது.

நாமக்கல்லில் லாரி அலுவலகம் நடத்துவோர் இதனை நன்கு அறிவர். சரக்கு ஏற்றும்போது எழுதும் ரசீதுப் புத்தகத்தில் தாள்தோறும் எண் அச்சிட்டிருக்கும். பிழைபட எழுதிய தாளைக் கிழித்தெறிதல் ஆகாது. குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்றெழுதிப் புத்தகத்திலேயே வைத்தல் வேண்டும். கணக்குப் பார்ப்பவர் 412-க்குப் பின் 414 வரக் கண்டால், எழுதிய தாள்களையெல்லாம் விட்டுவிட்டு, 413 எங்கே என்றே முதலில் வினவுவார்.

இக்காலத்துக் கணினிகளில் இவ்வேலை மிகப் பெருகிவிட்டது. மாணவர் பதிவேடு, மருத்துவமனைச் சீட்டு, வங்கிக் கணக்கு, புகைவண்டிப் பயணச்சீட்டு ஆகிய யாவும் தரவுத்தளம் எனப்படும் அட்டவணைகளில் வரிசை வரிசையாகப் பதியப்படுகின்றன. பதிவு ஒவ்வொன்றும் ஓர் எண் பெறுகின்றது. இலட்சக்கணக்கான பதிவுகளுள் எவ்வெவ்வெண் விடுபட்டதெனக் கண்டறிதல் அத்துறையார்க்குரிய வினாக்களுள் ஒன்று. அவ்வினாவைக் கேள்வியுற்றபோது, இஃது எட்டுத்தொகை படிப்போர்க்குப் பழகிய வினாவாயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றிற்று. நம் பழந்தொகைகளை ஏட்டினின்றும் அச்சிற்குக் கொணர்ந்த பெரியோர் பன்முறை எதிர்நின்றது இவ்வினாவின் முன்னேயாம். ஆதலின் கணினியின் முறையையும் ஏட்டின் நிலையையும் ஒருங்கு வைத்து விளக்கப் புகுகின்றேன்.

முதலிற் செய்யத்தக்கது எண்ணிப் பார்த்தல். கடைசி எண் 400 ஆகவும் உள்ள பதிவுகள் 398 ஆகவும் இருப்பின், இரண்டு இல்லை என்பது பெறப்படும். புறநானூற்றின் நிலை இதுவே. 1894-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் பதிப்பித்த அத்தொகையில், பாரதம் பாடிய பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்தையும் முதற்பாட்டாகக் கூட்டி எண்கள் 400. கிடைத்த பாட்டுகளோ 398. ஆனால் இம்முறை எத்தனை என்று கூறுமேயன்றி எவை என்று கூறாது. அன்றியும், ஒன்று தொலைந்து மற்றொன்று இருமுறை எழுதப்பட்டிருப்பின், கூட்டுத்தொகை சரியாகவே நின்று நம்மை ஏமாற்றிவிடும்.

இரண்டாவது முறை, ஒவ்வோர் எண்ணையும் நோக்கி, "உனக்கு அடுத்த எண் இங்கே உளதோ?" என்று வினவுதலாம். 1-ஐ வினவினால் 2 உளது. 2-ஐ வினவினால் 3 உளது. இவ்வாறே சென்று 266-ஐ வினவினால் 267 இலது. ஆகவே இடைவெளி 267-இல் தொடங்குகின்றது. அஃது எங்கே முடிகின்றது? 266-இன் மேற்பட்ட எண்களுள் மிகச் சிறியதைத் தேடினால் 269 கிடைக்கும். அதற்கு ஒன்று குறைந்த 268-இல் இடைவெளி முடிகின்றது. இவ்வாறு வினவிக்கொண்டே சென்று 400-ஐ வினவினாலும் அடுத்த எண் இலது என்றே விடை வரும். அது நூலின் முடிவு, இழவு அன்று. இதனை முன்னரே விலக்கி வையாவிடின், கணினி நூல் முடிந்ததனையும் ஓர் இழவாகவே கணக்கிட்டுக் கூறும்.

மூன்றாவது முறை எனக்கு மிகவும் இனியதாகப் படுகின்றது. இதற்கு 1903-இல் ஐயரவர்கள் பதிப்பித்த ஐங்குறுநூற்றைக் கொள்வோம். கிடைத்துள்ள பாட்டுகளுக்கு, அவற்றின் பழைய எண்ணைக் கருதாமல், முதலிலிருந்து புதிதாக வரிசையெண் இடுக. பின்னர்ப் பழைய எண்ணினின்றும் புதிய எண்ணைக் கழிக்க. 1 முதல் 128 வரை கழித்த மிச்சம் 0. அடுத்து நிற்கும் 131-ஆம் பாட்டு, புதிய வரிசையில் 129-ஆவது, மிச்சம் 2. அங்கிருந்து 500 வரையில் மிச்சம் 2 ஆகவே நிற்கின்றது. மிச்சம் மாறும் இடமே இழவின் இடம். மாறிய அளவே இழவின் அளவு. இடைவெளிகள் எத்தனை இருப்பினும், மேலிருந்து கீழே ஒருமுறை சென்றால் யாவும் புலப்பட்டுவிடும். மிச்சம் மாறாது நிற்கும் பகுதிகளை அத்துறையார் தீவுகள் என்று வழங்குவர். ஐங்குறுநூறு இவ்வகையில் இரண்டு தீவுகளையுடையது.

எண் விடுபட்டதை அறிந்தபின், விடுபட்டது யாது என்னும் வினா எழும். இங்கே தொகுத்தோர் நூலை அமைத்த முறை நமக்குப் பெருந்துணை செய்கின்றது. ஐங்குறுநூறு ஐந்து திணைக்கு ஐந்து நூறாகவும், ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகவும் வகுக்கப்பட்டது. 101 முதல் 200 வரை நெய்தல்; பாடியவர் அம்மூவனார். 121 முதல் 130 வரையுள்ளது கிழவற்கு உரைத்த பத்து. ஆகவே போன இரண்டு பாட்டும் அம்மூவனார் பாடியவை, நெய்தற்றிணைக்குரியவை, தலைவனை நோக்கிக் கூறப்பட்டவை என்பதெல்லாம் ஐயமின்றி விளங்குகின்றன. இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். அப்பத்தில் எஞ்சிய எட்டுப் பாட்டுகளும் ஒரே அடியைத் தலையடியாகக் கொண்டு தொடங்குகின்றன. போன இரண்டும் அவ்வடியாலேயே தொடங்கியிருக்கும் என்று கொள்ளுதல் மிகையாகாது. பாட்டு இல்லை, ஆயினும் பாடினார் பெயரும், நிலமும், கேட்போனும், தலையடியும் நம் கையில் உள்ளன! இவ்வளவு அடையாளத்தோடு தொலைந்த பொருள் உலகில் வேறு உண்டோ என்று வியப்பேன்.

நற்றிணையின் 234-ஆம் பாட்டு இத்துணைப் பேறு பெற்றதன்று. பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் அரிதின் உரை வரைந்து 1915-இல் வெளிவந்த அந்நூலில், 234 முழுதும் இல்லை. 385-ஆம் பாட்டின் பிற்பகுதியும் இல்லை. நற்றிணை திணைவாரியாக வகுக்கப்படாத தொகை. 233-ஐயும் 235-ஐயும் எத்துணை முறை படித்தாலும் இடைநின்றதன் திணை இன்னதென்று துணிதற்கு வழியில்லை. நற்றிணைப் பாட்டுகள் பெரும்பாலும் 9 அடிக்குக் குறையாமலும் 12 அடிக்கு மேற்படாமலும் வருவன ஆதலின், இழந்தது அவ்வளவினது என்பது மட்டும் கூறலாம். எண் ஒன்றே எஞ்சிற்று.

இதற்கு நேர்மாறாக நிற்பது அகநானூறு. மதுரை உப்பூரிகுடிகிழார் மகனார் உருத்திரசன்மர் தொகுத்த இந்நூலில் எண்ணே திணையைக் கூறும். 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்பட வருவன யாவும் பாலை. 2-இலும் 8-இலும் முடிவன குறிஞ்சி. 4-இல் முடிவன முல்லை. 6-இல் முடிவன மருதம். 10, 20, 30 எனப் பத்தாம் எண்ணாய் வருவன நெய்தல். இவ்வாற்றாற் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பதாக 400 நிரம்புகின்றது. இவ்வமைப்பை வெறும் அழகுக்காகச் செய்ததென்று கருதுவோரும் உளர். எனக்கோ இது காவல் என்றே தோன்றுகின்றது. ஏடெழுதுவோன் ஒரு பாட்டை விட்டுவிட்டு அடுத்ததற்கு அவ்வெண்ணையே இட்டுச் சென்றானாயின், அந்நொடியே பாலைக்குரிய இடத்தில் முல்லையோ குறிஞ்சியோ வந்து நின்று அவனைக் காட்டிக்கொடுக்கும். இக்காலத்து வங்கி அட்டைகளின் கடைசி இலக்கம், முன்னுள்ள இலக்கங்களைச் சரிபார்த்தற்கென்றே கணக்கிட்டு வைக்கப்படுவது. அகநானூற்றின் கடைசி இலக்கமும் ஏறத்தாழ அவ்வேலையே செய்கின்றது. இத்தொகையில் 400 பாட்டும் குறைவின்றி நமக்குக் கிடைத்துள்ளமை இக்காவலால்தானோ என்று அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. கிடைத்தது நம் நற்பேறு.

ஈண்டு ஏட்டின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். பனையோலைச் சுவடியில் இருவகை எண்கள் உண்டு. ஓலையின் ஓரத்தே ஏட்டெண். பாட்டின் இறுதியிலே பாட்டெண். இவ்விரண்டும் வெவ்வேறு செய்தி கூறுவன. ஏட்டெண்ணும் பாட்டெண்ணும் ஒரே இடத்தில் தாண்டுமாயின், அச்சுவடியினின்றே ஓலை உதிர்ந்தது என்பது பெறப்படும். ஏட்டெண் தடையின்றிச் செல்லப் பாட்டெண் மட்டும் தாண்டுமாயின், இழவு இச்சுவடியில் நேர்ந்ததன்று. இதற்கு மூலமாயிருந்த பழஞ்சுவடியிலோ அதற்கும் முந்தியதிலோ நேர்ந்தது. படியெடுத்தவன் நேர்மையாளன், இல்லாததை இல்லாதபடியே விட்டு எண்ணைக் காத்தான். மூன்றாவது ஒன்றுண்டு, அதுதான் அஞ்சத்தக்கது. ஏட்டெண்ணும் பாட்டெண்ணும் சிறிதும் தாண்டாமல், பாட்டு மட்டும் இல்லாதிருத்தல். படியெடுத்தவன் இடைவெளியைக் கண்டு நாணியோ, அழகு கருதியோ, எண்களை முதலிலிருந்து ஒழுங்குபடுத்தி எழுதிவிட்டான் என்க. அவன் செய்த ஒழுங்கால் இழவு நேர்ந்தது என்னும் செய்தியும் இழக்கப்பட்டது.

கணினியாளரிடையேயும் இவ்வாசை உண்டு. அட்டவணையில் இடைவெளி கண்டவுடன், பின்னுள்ள எண்களையெல்லாம் மேலே நகர்த்தி நிரப்பிவிடலாகாதோ என்று கேட்போர் பலர். அவ்வாறு செய்தால், அவ்வெண்களைச் சுட்டி வேறிடங்களில் எழுதிய யாவும் பொய்யாகும். புறநானூற்றில் 269-ஐ 267 ஆக்கியிருந்தால் அதன்பின் வரும் 131 பாட்டுகளும் எண் மாறியிருக்கும். உரையாசிரியரும் அகராதியாரும் சுட்டும் எண்கள் பதிப்புத்தோறும் வேறுபட்டுப் போயிருக்கும். ஐயரவர்கள் அவ்வாறு செய்திலர். இன்றைக்கும் எப்பதிப்பைத் திறப்பினும் 266-க்குப் பின் 269 வருகின்றது. புறநானூற்றின் பழைய உரையும் முதல் 266 பாட்டுகளுக்கே கிடைத்தது என்பதனையும் இதனோடு சேர்த்து நோக்குக. உரை நின்ற இடத்திற்கு அடுத்தே இரண்டு பாட்டும் மறைந்தமையால், உரையோடு கூடிய சுவடியின் முடிவும் இவ்விழவும் தம்முள் தொடர்புடையனவோ என்று எண்ணத் தூண்டுகின்றது. எண்ணை மாற்றியிருந்தால் இவ்வெண்ணமே பிறந்திராது.

இதுகாறும் கூறியன நடுவில் நேர்ந்த இழவுகள். முதலிலும் முடிவிலும் நேரும் இழவுகள் வேறு தன்மையன. இவற்றிற்கு மேற்சொன்ன மூன்று முறைகளும் முற்றும் உதவா. முதல் எண் 1 அன்றாயின் தலையிழந்தது எனலாம். கடைசி எண்ணே போய்விட்டால் அதற்கு முன்னின்ற எண் தானே கடைசி என்று நிற்கும், எவ்விடைவெளியும் தோன்றாது.

பதிற்றுப்பத்து இவ்விரண்டற்கும் சான்று. சேரவேந்தர் பதின்மரைப் பத்துப்பத்துப் பாட்டாற் பாடிய இந்நூலில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. ஐயரவர்கள் 1904-இல் வெளியிட்டது எஞ்சிய எட்டுப் பத்தே. இரண்டாம் பத்திலிருந்து தொடங்குவதால் முதற்பத்து இல்லையென்பது வெளிப்படை. பத்தாம் பத்து இருந்ததென்பதனை நூலின் பெயர் உணர்த்துகின்றது. ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் பதிகம் ஒன்று நின்று, பாடினார் பெயர், பாடப்பட்டான் பெயர், அவன் செயல், பாட்டுகளின் பெயர், பரிசில், ஆண்ட யாண்டு ஆகியவற்றை முறையே கூறும். ஒரு பத்தினுள் ஒரு பாட்டு மறைந்திருந்தால் பதிகம் அதன் பெயரைச் சொல்லியிருக்கும். ஆனால் மறைந்தது முழுப்பத்து. பதிகமும் உடன் மறைந்தது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாற்போன்ற நிலை இது. கணினியிலும் பதிவுகளின் படியை அப்பதிவுகள் உள்ள பெட்டியிலேயே வைப்போர் உளர். அவர்க்குப் பதிற்றுப்பத்தை எடுத்துக்காட்டலாம்.

பரிபாடலோ இன்னும் நுட்பமானது. 1918-இல் ஐயரவர்கள் வெளியிட்ட அந்நூலில் 1 முதல் 22 வரை எண்கள் இடையறாது செல்கின்றன. எண்ணை மட்டும் நோக்குவோன் இந்நூலில் யாதொரு குறையுமில்லை என்றே கூறுவான். பழைய வெண்பா ஒன்று வேறு கணக்குத் தருகின்றது: திருமாலுக்கு 8, செவ்வேளுக்கு 31, காடுகாளுக்கு 1, வையைக்கு 26, மதுரைக்கு 4, ஆக 70. கிடைத்தவற்றுள் திருமாலுக்கு 6, செவ்வேளுக்கு 8, வையைக்கு 8. கழித்துப் பார்த்தால் திருமால் 2, செவ்வேள் 23, காடுகாள் 1, வையை 18, மதுரை 4, ஆக 48 பாட்டுகள் முழுமையாக நமக்கு எட்டவில்லை. புறத்திரட்டினின்றும் உரைகளினின்றும் சில பாட்டுகளும் உறுப்புகளும் திரட்டி நூலின் இறுதியிற் சேர்க்கப்பட்டுள்ளன, அவ்வளவே. நூலுக்குள் இல்லாத கூட்டுத்தொகை நூலுக்கு வெளியே ஒரு வெண்பாவில் வாழ்ந்தமையால் இவ்விழவின் அளவை நாம் அறிந்தோம்.

இவ்வாறு வெளியே வைத்த கணக்குகளுட் பெரியது இறையனார் களவியல் உரையில் உள்ளது. கடைச்சங்கத்தார் பாடியவற்றைக் கூறுமிடத்து அது நெடுந்தொகை, குறுந்தொகை, நற்றிணை ஆகியவற்றை நானூறு நானூறு என்றும், கலியை நூற்றைம்பது என்றும், பரிபாடலை எழுபது என்றும் தொகை கூறிச் செல்கின்றது. இக்கணக்கோடு ஒப்பிட்டால் குறுந்தொகை நம்மை நகைக்கச் செய்யும். அதிற் கடவுள் வாழ்த்து நீங்க 401 பாட்டுகள் உள்ளன, ஒன்று மிகை. குறுந்தொகை 4 அடி முதல் 8 அடி வரையுள்ள பாட்டுகளின் தொகை. 307-உம் 391-உம் மட்டுமே 9 அடி கொண்டன. ஆகவே இவ்விரண்டனுள் ஒன்று பின்னர் வந்து புகுந்ததாகலாம் என்று அறிஞர் ஐயுறுவர். இடைவெளியைத் தேடச் சென்ற இடத்தில் மிகை அகப்படுவதும் உண்டு.

எண்ணையன்றி வேறொன்றாற் கோத்து வைக்கும் முறையும் பழையோர்க்குத் தெரியும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து, காப்பியாற்றுக் காப்பியனார் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரலைப் பாடியது, அந்தாதியாக அமைந்தது. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாகின்றது. நடுவில் ஒன்று போயிருந்தால் எண்ணைப் பாராமலே சங்கிலி அறுந்தது தெரியும். பிற்கால அந்தாதிகளுள் மண்டலித்து வருவன இறுதிப்பாட்டின் முடிவை முதற்பாட்டின் தொடக்கத்தோடு பொருத்தி நிற்பன. வளையமாதலின் அவற்றிற்குத் தலையும் இல்லை, கடையும் இல்லை. எங்கே அறுந்தாலும் தெரியும். முடிவில் நேரும் இழவை நூலுக்குள்ளேயே காட்டும் வழி இதுவன்றி வேறு யான் அறியேன்.

எபிரேயரும் இதனை ஒத்த வழி ஒன்று கண்டனர். விவிலியத்தின் 145-ஆம் சங்கீதம் எபிரேய மூலத்தில் அகரவரிசையாற் கோக்கப்பட்டது. நம் ஆத்திசூடியைப் போன்று எழுத்துக்கு ஒரு வசனமாகச் செல்வது. எபிரேய எழுத்துகள் 22. அச்சங்கீதத்தின் வசனங்களோ 21. 'நூன்' என்னும் 14-ஆம் எழுத்துக்குரிய வசனம் வழக்கிலுள்ள எபிரேய பாடத்தில் இல்லை. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சிரியாக் மொழிபெயர்ப்பிலும் 13-ஆம் வசனத்தின்பின் ஓர் அடி மிகுதியாக உள்ளது. 1956-இற் சாக்கடலின் கரையிலுள்ள கும்ரான் 11-ஆம் குகையிற் கிடைத்த தோற்சுருளிலும் அவ்விடத்தில் நூன் எழுத்தால் தொடங்கும் எபிரேய அடி காணப்பட்டது. அச்சுருள் 1965-இல் அச்சேறிற்று. இதனைக் கொண்டு, போன வசனம் மீண்டது என்று மகிழ்வோர் உளர். மகிழாதாரும் உளர். இடைவெளி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தமையின், பழங்காலத்தவனொருவன் தானே ஓர் அடி இயற்றி அதனை நிரப்பியிருத்தல் கூடும் என்பது அவர் கருத்து. யூதரின் தல்மூதோ, அவ்வெழுத்து இஸ்ரவேலின் வீழ்ச்சியைக் கூறும் வசனமொன்றற்குத் தலையெழுத்தாதலின் வேண்டுமென்றே விடப்பட்டது என்று காரணம் கூறுகின்றது. ஓர் இடைவெளிக்கு மூன்று விளக்கம்: தொலைந்தது, தொலையாதது, பின் நிரப்பப்பட்டது.

நற்றிணை 234-க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். களவியல் உரையில் மேற்கோளாக வரும் பாட்டொன்றே அது என்று சிலர் கருதுவர். ஆகலாம். ஆயினும் ஓர் இடம் காலியாயிருக்கின்றது என்னும் ஒன்றே, அவ்விடத்திற்கு ஒரு பாட்டைக் கொணர்ந்து இருத்தப் போதிய காரணம் ஆகாது. அடியளவும் துறையும் பொருந்துதல் வேண்டும். பொருந்தினும் 'இதுவே' எனத் துணியாது 'இதுவாகலாம்' என்று நிற்றல் வேண்டும்.

விடுபட்ட எண் யாவும் இழந்த பொருள் அன்று என்பதனைக் கணினித் துறையார் நன்கு அறிந்துள்ளனர். தரவுத்தளங்களில் எண் வழங்கும் உறுப்பு, ஒருவர் பதிவைத் தொடங்கியவுடன் அவர்க்குரிய எண்ணைக் கொடுத்துவிடுகின்றது. அவர் நடுவிற் கைவிட்டாலும், மின்சாரம் தடைப்பட்டாலும், கொடுத்த எண்ணை அது பெரும்பாலும் மீளப் பெறுவதில்லை. ஒரே நேரத்தில் பலர் எண் கேட்டு நிற்கும்போது ஒருவர் முடிப்பதற்காக ஏனையோரைக் காக்கவைத்தல் ஆகாது என்பது காரணம். எனவே 5000-க்குப் பின் 5002 வரின், 5001 என்றொரு பதிவு இருந்து அழிக்கப்பட்டதா, பிறவாமலே போயிற்றா என்பதனை எண் ஒன்றே கொண்டு கூறுதல் இயலாது. இடைவெளி கூடவே கூடாத ரசீது முதலியவற்றிற்குத் தனி முறை வகுத்து, ரத்தானதையும் ஒரு பதிவாகவே எழுதி வைப்பர். லாரி அலுவலகத்துக் குறுக்குக்கோடு கணினிக்குள்ளும் புகுந்துவிட்டது.

சேலம் நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இவ்வெண்களோடு தனியுறவு உண்டு. ஐயரவர்கள் பிற்கால நூல்களையே கற்றுவந்த காலத்து, 1880-இற் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் படித்த நூல்களின் வரிசையைக் கேட்டபின், சீவக சிந்தாமணி படித்ததுண்டோ என்று வினவினார். வரிசையில் உள்ளவற்றை விட்டு இல்லாததை வினவிய வினா அது. வேறொரு பட்டியல் தம் நெஞ்சில் இருந்தமையால் அவ்வினா அவர்க்கு இயன்றது. சிந்தாமணி 1887-இல் அச்சேறிற்று. தொகைநூற் பதிப்புகள் பல பின்தொடர்ந்தன. நாமக்கல்லினின்றும் இராசிபுரத்தினின்றும் நாள்தோறும் நாம் காணும் கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரி, புறநானூற்றின் 152, 153, 204 ஆகிய பாட்டுகளில் வாழ்கின்றான். ஓலை முறிந்தது 267-இல். அது 152-இல் முறிந்திருந்தால், வன்பரணர் வேட்டுவனென்று கருதிப் பின் ஓரியென்று அறிந்து பாடிய அவ்விரு பாட்டும் நமக்கு இரண்டு எண்களாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

எண்ணும் எஞ்சாத இழவு ஒன்று நம் நாட்டிற்கே உரியது. இன்றைய தருமபுரியாகிய தகடூர், 1965 வரை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இருபெரு வேந்தரையும் வென்று தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில் கிழார் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. 71 முதல் 80 வரை பத்துப் பாட்டும் குறைவின்றிக் கிடைத்துள்ளன. அப்போரையே பொருளாகக் கொண்ட தகடூர் யாத்திரை என்னும் தனிநூலோ கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் அதனை எடுத்தாண்டனர்; பொன்முடியாரும் அரிசில் கிழாரும் அதிற் பாடியோருள் அடங்குவர். களவியல் உரை நானூறு, எழுபது என்று தொகை கூறுமிடத்தே கூத்து, வரி, சிற்றிசை, பேரிசை என்பவற்றைத் தொகை கூறாமலே விட்டுச் செல்கின்றது. அந்நூல்களில் எத்தனை போயின என்று வினவவும் நமக்கு வழியில்லை. தகடூர் யாத்திரையும் அவ்வினத்ததே. அந்நூலுக்குத் தொகை கூறும் வெண்பா இல்லை. நானூறு, பதிற்றுப்பத்து என்றாற்போல அளவை உணர்த்தும் பெயரும் அதற்கு அமையவில்லை.

அதன் செய்யுட்களுள் நாற்பதுக்குச் சற்று மேற்பட்டவை புறத்திரட்டு என்னும் தொகையில் தங்கியிருக்கின்றன. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளையவர்கள் பதிப்பிக்க, 1938-இற் சென்னைப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. தொகுத்தவர் பல நூற் செய்யுட்களையும் பொருள் பற்றி அதிகாரம் அதிகாரமாகப் பகுத்து அடுக்கினார். எடுத்த நூலின் பெயரைக் குறித்தார். அந்நூலில் அச்செய்யுள் நின்ற இடத்தைக் குறித்திலர். தகடூர் யாத்திரைச் செய்யுட்கள் அதில் வெவ்வேறு அதிகாரங்களில் ஒன்றற்கொன்று தொலைவாக நிற்கின்றன. அச்சில் ஒவ்வொன்றன் பக்கத்தும் ஓர் எண் உளது. அவ்வெண் புறத்திரட்டின் எண்; தகடூர் யாத்திரையின் எண் அன்று.